கழற்றி மாட்டும் கத்தி: ஒரு வீட்டுப் பட்டறை வேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 ஆடி மாதம் தொடங்கி 2024 ஆனி வரை நீண்ட ஒரு வேலையைப் பற்றிய பதிவு இது. இதில் நான்கு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறோம். கத்தியைச் செய்தவர், கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தியைக் கேட்டவர், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் சமையல்காரர். இருவருக்கும் பழக்கமான வயதான கொல்லர் ஒருவர், இன்றும் உலை மூட்டி அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிறவர். நான் டூல் ரூமில் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பட்டறையில்) லேத் ஓட்டுகிறேன். கடைசல் வேலைகளைச் செய்து கொடுத்தேன். அளவுகளையும் தேதிகளையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

ஃபிட்டரின் பட்டறை, வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 12 அடியில் ஒரு தகரக் கொட்டகை. நல்ல வைஸ் ஒன்று, பெஞ்ச் டிரில், பழைய அரைக் குதிரைத்திறன் மோட்டாரில் அவரே கட்டிய பெல்ட் கிரைண்டர், சுவர் நிறைய அரங்கள். உலைக்கு, செங்கல் அடுக்கி உள்ளே களிமண் பூசிய ஒரு குழி. காற்றுக்கு, முடி உலர்த்தும் மெஷின். இவ்வளவுதான் வசதி.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. சமையல்காரர்கள் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதும் கத்திகளைச் சாணை பிடிப்பதும் அந்த மாதத்தில்தான். அப்படி வந்தபோது, தன் பிரதான கத்தி ஆண்டுக்கு ஒரு முறையாவது பிடி ஆடிப் போகிறது என்றார். மூன்று முறை பிடி மாற்றியாகிவிட்டது. "அலகு இன்னும் பத்து வருஷம் உழைக்கும் அண்ணா, பிடிதான் நிற்பதில்லை" என்று சொல்லிவிட்டு அதை வைத்துப் போனார்.

பிடியைப் பிளந்து பார்த்தது

புதிய பிடி போடுவதற்கு முன் பழையது ஏன் ஆடியது என்று தெரிந்துகொள்ள ஃபிட்டர் விரும்பினார். மரத்தை நீளவாக்கில் உளியால் பிளந்தோம்.

நம் ஊர்க் கத்திகளில் பெரும்பாலும் அலகின் வால் கூராக நீண்டு பிடிக்குள் போகும். வாலைச் சூடாக்கி மரத்தில் இறக்குவார்கள். அது தனக்கு வேண்டிய வழியைத் தானே எரித்துக்கொள்ளும். இடைவெளியில் அரக்கு உருக்கி ஊற்றி, வாயில் ஒரு பூண் இறுக்குவார்கள். வயலில் உழைக்கும் அரிவாளுக்கு இது போதும். கல்யாணச் சமையலில் நிலைமை வேறு. வேலை முடிந்ததும் கத்தி கொதிநீரில் விழுகிறது. அரக்கு கொதிநீரின் சூட்டுக்கு முன்பே இளகிவிடும். இளகிய இடத்தில் உப்பும் புளியும் கலந்த நீர் இறங்குகிறது. இறங்கிய நீர் வெளியேற வழி இல்லை.

பிளந்த மரத்துக்குள் நாங்கள் பார்த்தது அதைத்தான். வால் பாதியாக மெலிந்திருந்தது. சுற்றிலும் அடுக்கடுக்காக உரியும் துரு. விரலால் தேய்த்தால் மிளகாய்த்தூள் போல் கொட்டியது. துரு, தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த வீக்கமே மரத்தில் இரண்டு கீறல்களை ஏற்படுத்தியிருந்தது. மரம் கருத்து, புளித்த வாடை அடித்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் கத்திக்குள் இப்படி ஒன்று இருப்பதைப் பார்த்தபின், அதே முறையில் இன்னொரு பிடி போட ஃபிட்டருக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான்.

எடுத்த முடிவு: முழுதாகக் கழற்றி, துடைத்து, உலர்த்தி, மறுபடி மாட்டக்கூடிய கத்தி. சமையல் நடக்கும் இடத்தில் எந்தக் கருவியும் இல்லாமல் அதைக் கழற்ற முடிய வேண்டும்.

வடிவம்

கழற்றக்கூடிய பிடி புதிய யோசனை அல்ல. ஜப்பானிய வாள்களில் அலகும் பிடியும் ஒரே ஒரு மூங்கில் ஆணியால் சேர்ந்திருக்கும்; ஆணியைத் தட்டினால் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். குறுக்கு ஆணியா, நீளவாக்கில் மரையா என்று இரண்டு வாரம் பேசினோம். மூங்கில் ஆணி முறையில் இறுக்கத்தைத் தருவது ஆணி மட்டும் இல்லை. வாலின் சரிவும் மரக்குழியும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிப்பதுதான் அங்கே ஆதாரம். தினமும் நனைந்து காயும் மரத்தில் அந்தப் பொருத்தம் நிற்காது என்று கருதி மரையைத் தேர்ந்தோம்.

முன்னிருந்து பின்னாக அமைப்பு இப்படி: அலகு, அலகின் தோளில் (வால் பிரியும் இடத்துப் படியில்) வந்து முட்டும் 6 மி.மீ. பித்தளைத் தகடு (கழுத்துத் தகடு என்று எங்களுக்குள் பெயர்), மரப்பிடி, கடைசியில் வாலின் நுனி மரையில் ஏறும் பித்தளைக் குமிழ். குமிழின் முகத்தில் ஒரு வெட்டு. ஒரு ரூபாய் நாணயத்தால் திருகலாம். பிடி சுழலாமல் இருக்கக் கழுத்துத் தகட்டில் 3 மி.மீ. ஊசிகள் இரண்டு.

மரைக்கு எம் 6 அளவு (6 மி.மீ. விட்டம்) வைத்தது என் வற்புறுத்தலால். ஃபிட்டர் பார்வைக்கு அழகான நுண்மரை ஒன்றை நினைத்திருந்தார். எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் மரையாக இருக்கட்டும் என்றேன். 2024-இல் அது பயன்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அலகு 180 மி.மீ. நீளம், 42 மி.மீ. அகலம், முதுகில் 3.5 மி.மீ. கனம். ஆயுத விதிகளின் அட்டவணை 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இருந்தாலும் பையில் போட்டு ஊர் ஊராக எடுத்துச் செல்லும் பொருள் என்பதால் அளவை அதற்குள்ளேயே வைத்தோம்.

இரும்பைத் தேர்ந்தது

கொல்லர், லாரியின் ஸ்பிரிங் பட்டை போதும் என்றார். அவர் கையில் அது நன்றாக வரும். நாற்பது வருடமாக அதைத்தான் அடிக்கிறார். எங்களுக்கு அந்தக் கை இல்லை. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்ற பயமும் இருந்தது. டூல் ரூம்காரனுக்குப் பழகிய இரும்பு ஓ.எச்.என்.எஸ். என்ற கருவி எஃகு. எண்ணெயில் தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்குவது) ஏறும், வளைவது குறைவு, தட்டைப் பட்டையாகவே கடைகளில் கிடைக்கும். ஏறக்குறைய 800 டிகிரி சூடு, பின் 200 டிகிரியில் பதம் (மிதமாகச் சூடாக்கி முறியும் தன்மையைக் குறைப்பது) என்று கணக்கும் தெரிந்தது. அதையே வாங்கினோம்.

முதல் அலகும் அதன் முறிவும்

முதல் அலகை ஆவணியில் ஃபிட்டர் வெட்டி, அரத்தால் வடிவம் கொடுத்தார். அலகிலிருந்து வால் பிரியும் இடத்தில், மேலும் கீழும் இரண்டு தோள்கள். கழுத்துத் தகடு அங்கே ஒட்டி உட்கார வேண்டும் என்பதற்காக, தோளும் வாலும் சந்திக்கும் உள்மூலையைச் சதுர அரத்தால் கச்சிதமான செங்கோணமாக எடுத்தார். பார்க்க அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. நான் அதைப் பாராட்டினேன்.

தோய்ச்சலை வீட்டு உலையில், மாலை இருட்டும் நேரத்தில் போட்டோம். நூலில் கட்டிய காந்தத்தை அவ்வப்போது அலகருகே காட்டி, அது ஒட்டாமல் போனபின் நிறம் ஒரு படி கூடும் வரை வைத்து, எண்ணெயில் வால் உட்பட முழுவதையும் இறக்கினார். பக்கத்தில் இரும்பு மூடி ஒன்று தயாராக இருந்தது. எண்ணெய் ஒரு நொடி தீப்பிடித்தது; மூடியதும் அணைந்தது. எண்ணெய்த் தீக்கு நீர் ஊற்றக் கூடாது என்பது தெரிந்திருந்ததால் வாளியைக் கொட்டகைக்கு வெளியிலேயே வைத்திருந்தோம். அரத்தால் உரசிப் பார்த்தால் கண்ணாடி மேல் போவது போல வழுக்கியது. வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை பதம் வைத்தோம்.

பிடி மாட்டுவதற்கு முன் வாலைச் சோதிக்க வேண்டும் என்பதில் ஃபிட்டர் பிடிவாதமாக இருந்தார். இந்த வேலை முழுவதிலும் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுவே. அலகை மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கி, வாலில் ஒரு குழாயைச் செருகி, கையால் மெதுவாக அழுத்தினார். வால் வளையவே இல்லை. காய்ந்த சுள்ளி ஒடியும் சத்தத்தோடு தோளிலேயே முறிந்தது.

முறிந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். இரண்டு விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, முகத்தின் பெரும்பகுதி ரவையைப் போலப் பருக்கையாக மின்னியது. நல்ல தோய்ச்சலில் முறிவு முகம் சலித்த சாம்பல்போல் நுண்மையாக, மங்கலாக இருக்க வேண்டும். அலகைவிட வால் ஒடுங்கலானது. உலையில் அது முந்திச் சூடேறியிருக்கிறது. காந்தத்தை நாங்கள் காட்டியது அலகில். அலகு பதமான நேரத்தில் வால் எங்கேயோ போயிருந்தது.

இரண்டாவது, கீழ்த்தோளின் உள்மூலையிலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ. ஆழத்துக்கு முறிவு முகம் கறுத்திருந்தது. மீதி பளிச்சென்று வெள்ளை. இப்போது முறிந்த இரும்புக்குக் கறுப்பு வராது. ஆக, அந்த 2 மி.மீ. எண்ணெயில் இறக்கிய கணத்திலேயே விரிந்திருக்கிறது. எண்ணெய் உள்ளே போய், பதம் வைக்கும்போது நிறம் ஏறியிருக்கிறது. நாங்கள் அழுத்தியது ஏற்கெனவே விரிசல் விட்ட வாலை. விரிசல் தொடங்கிய இடம் நான் பாராட்டிய அதே செங்கோண மூலை. கூரான உள்மூலையில் இழுவை குவியும் என்பது லேத்காரன் தினமும் பார்க்கும் விஷயம். ஷாஃப்டில் படி எடுக்கும்போது மூலையை வளைத்து விடாமல் நான் எந்த வேலையையும் அனுப்பியதில்லை. கத்தி என்றதும் அந்த அறிவு எனக்கு வேலை செய்யவில்லை.

இந்தச் சோதனை இல்லாமல் அந்த அலகுக்குப் பிடி போட்டுக் கொடுத்திருந்தால், பூசணிக்காயில் அழுத்தும்போது சமையல்காரரின் கையருகே அது முறிந்திருக்கும்.

இரண்டாவது அலகு

இம்முறை உள்மூலைகளை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டு அரத்தால் வளைத்தார். வளைத்தால் கழுத்துத் தகடு தோளில் முழுதாக உட்காராது என்ற சிக்கல் வருகிறது. தகட்டின் துளை விளிம்பு அந்த வளைவில் ஏறி நின்றுவிடும். அதற்காகத் துளையின் முன்விளிம்பைச் சரித்து எடுத்தோம். வளைவு அந்தச் சரிவுக்குள் ஒளிந்துகொள்ள, தோளின் தட்டையான பகுதி தகட்டின் தட்டையில் நேராக முட்டுகிறது. வெளியில் பார்த்தால் முன்பிருந்த அதே கச்சிதம்.

தோய்ச்சலை வீட்டு உலையில் போடவில்லை. எங்கள் டூல் ரூமில் சூட்டைத் தானே நிறுத்திவைக்கும் சிறிய மின்உலை இருக்கிறது. முதலாளியிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்தினோம். பதம் வைத்தபின் அலகின் கடினம் ராக்வெல் சி அளவில் 60 வந்தது. பிறகு அலகைத் தோள் வரை வாளி நீரில் அமிழ்த்தி, வெளியே நிற்கும் வாலை டார்ச்சால் சூடாக்கினோம். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் ஓடி, நீலம் முழுவதும் பரவியதும் நிறுத்தினோம். நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி. வெட்டும் இடம் கெட்டியாக இருக்க, தாங்கும் இடம் வளைந்து கொடுக்க வேண்டும். மறுபடி குழாய்ச் சோதனை. வால் வளைந்தது, விட்டதும் திரும்பி நேரானது.

3.5 மி.மீ. பட்டையில் எம் 6 மரை வெட்ட முடியாது. 8 மி.மீ. கம்பியின் ஒரு முனையில் நான் மரை கடைந்து, மறுமுனையைப் பிளந்து, வாலின் நுனியை அதற்குள் செருகி, குறுக்கே இரண்டு ஊசி அடித்து, வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டினோம். அப்போதும் அலகு நீருக்குள்தான் இருந்தது. கம்பி தகட்டின் துளையில் நுழையாது என்பதால், அடுத்துச் சொல்லும் கழுத்துத் தகட்டைப் பொருத்தி வாலில் ஏற்றிய பிறகே இதை ஒட்டினோம்; பிடியைக் கழற்றினால் தகட்டை வாலிலேயே பின்னால் நகர்த்தித் துடைக்கலாம்.

கழுத்துத் தகட்டைப் பொருத்திய மூன்று மாலைகள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கழற்றும் கத்தியில் பிசின் இல்லை, அரக்கு இல்லை. ஆகவே பொருத்தத்தில் இருக்கும் பிழையை மூடுவதற்கும் எதுவும் இல்லை.

தகட்டில் 3.3 மி.மீ. துளைகள் மூன்றை வரிசையாகப் போட்டு, நடுவில் நின்ற பித்தளையை ஊசி அரத்தால் எடுத்து 11 மி.மீ. நீளத் துளையாக்கினார். அங்கிருந்து வேலை மெதுவானது. சிம்னி விளக்கின் திரியை ஏற்றி, அலகின் தோளையும் வாலின் தொடக்கத்தையும் புகையில் காட்டுவார். மெல்லிய கரி படியும். தகட்டைச் செருகி, மரச்சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டிக் கழற்றுவார். பித்தளையில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. துடைத்துவிட்டு மறுபடி புகை. முதல் மாலையில் தகடு பாதி வழி வந்தது. இரண்டாவது மாலையில் தோளுக்கு 1 மி.மீ. முன்னால் நின்றது. அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூட இழுத்தால் துளை பெரிதாகிவிடும். பித்தளையைத் திரும்ப வைக்க முடியாது. மூன்றாவது மாலை எட்டு மணிக்கு மேல், தகடு தோளில் போய் முட்டும் சத்தம் மாறியது. அதுவரை மந்தமாக இருந்த தட்டு, கணீரென்று ஒற்றைச் சத்தமாகக் கேட்டது. கத்தியைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். மேல்தோளில் முடியளவு வெளிச்சம் இருந்தது. இன்னும் நான்கு முறை புகை. பிறகு வெளிச்சம் இல்லை.

பிடிக்கு, இடித்த பழைய வீட்டின் நிலையிலிருந்து எடுத்த தேக்கு. வாலுக்கு ஏற்ற குழியைத் துளையிட்டு அரத்தால் விரித்தார். கடைசியில் 12 மி.மீ. வாஷர், அதன்மேல் குமிழ். 2023 தைப் பொங்கல் கழிந்ததும் கத்தியைக் கொடுத்தோம். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கழற்றித் துடைக்க வேண்டும், சிறு அசைவு தெரிந்தாலும் அந்தக் கணமே கத்தியைக் கீழே வைக்க வேண்டும் என்று இரண்டே விதிகளைச் சொன்னோம். சமையல்காரர் இரண்டையும் கடைப்பிடித்தார்.

தளர்ச்சி

மாசியில் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய இரவு, காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கத்திக்குள் சின்னதாக ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. பிடியை உலுக்கிப் பார்த்திருக்கிறார், லேசான ஆட்டம். உடனே அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் பழைய கத்தியால் வேலையை முடித்தார். நாணயத்தால் குமிழை இறுக்கியதும் ஆட்டம் நின்றது. மூன்றாவது வேலையில் மறுபடி வந்தது. பங்குனியில் ஒவ்வொரு வேலைக்கும் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது.

மரம் சுருங்கியிருக்கிறது என்றேன் நான். பழைய தேக்கு, நனைந்து காய்கிறது, வேறென்ன காரணம் இருக்க முடியும் என்பது என் எண்ணம். ஸ்பிரிங் வாஷர் ஒன்றைச் சேர்த்தால் சுருக்கத்தை அது எடுத்துக்கொள்ளும் என்று ஒன்றைப் போட்டும் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அதுவும் தளர்ந்தது.

அரிவாள் ஒன்றுக்காகக் கொல்லரிடம் போனபோது கத்தியையும் எடுத்துப் போயிருந்தோம். அவர் குமிழைக் கழற்றினார், வாஷரைத் தள்ளினார், மரத்தின் கடைமுகத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவினார்.

"தம்பி, மரம் அகலத்தில்தான் சுருங்கும். நீளத்தில் சுருங்கி நீ எங்கே பார்த்தாய்? இதோ பார், வாஷர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது."

நகம் நிற்கும் அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். திரும்பி வந்து வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்தேன். பிடியின் நீளம் ஜனவரியில் 118.0 மி.மீ.; இப்போது 117.9. பள்ளத்தின் ஆழம் அரை மி.மீ. அவர் சொன்னது அப்படியே சரி. இழுவை முழுவதும் ஒரு சிறிய வாஷர் வழியாக மரத்தின் இழை முனையில் இறங்குகிறது. சோப்பு நீரில் ஊறி மெத்தென்றான இழைகள் நசுங்குகின்றன. இறுக்க இறுக்க இன்னும் நசுங்கும். என் ஸ்பிரிங் வாஷர் அந்த நசுக்கலை மேலும் தள்ளிக்கொண்டே இருந்தது.

திருத்தம்

பெரிய வாஷர் போட்டால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. அது நசுங்கலைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. மரம் தாங்கும் பொருளாக இருக்கவே கூடாது என்று முடிவெடுத்தோம்.

பிடிக்குள் ஒரு பித்தளைக் குழாய்: உள்விட்டம் 12, வெளிவிட்டம் 14, நீளம் 118 மி.மீ. வால் 11 மி.மீ. அகலமும் 3.5 மி.மீ. கனமும் உள்ளது, மூலைக்கு மூலை 11.54 வருகிறது, குழாய்க்குள் தாராளமாகப் போகும். குழாயின் இரு முகங்களையும் லேத்தில் நேர் பார்த்தேன். பின்னால் வாஷருக்குப் பதிலாகப் பிடியின் முகம் முழுவதையும் மூடும் பித்தளை மூடி. இப்போது குமிழை இறுக்கினால் இழுவை மூடிக்கு, மூடியிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து கழுத்துத் தகட்டுக்கு, அங்கிருந்து தோளுக்குப் போகிறது. முழு வழியும் உலோகத்தோடு உலோகம். மரம் குழாயின் மேல் ஒட்டிய ஒரு போர்வை மட்டுமே. அதைக் குழாயைவிட 1 மி.மீ. குட்டையாக வைத்து, அந்த இடைவெளியில் ஒரு தோல் வாஷரை இட்டோம்.

குமிழிலும் மூடியிலும் ஆளுக்கொரு புள்ளியை சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் அடித்தோம். சரியாக இறுகியபோது இரண்டும் நேர்கோட்டில் வரும். சமையல்காரர் கையால் உணர வேண்டியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 2023 ஆவணி முகூர்த்தங்களுக்குக் கத்தி திரும்பப் போனது.

என்ன நடந்தது

2023 ஆவணியிலிருந்து 2024 ஆனி வரை, முகூர்த்தம் இல்லாத மாதங்கள் போக, கத்தி தொடர்ந்து வேலை செய்தது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கழற்றப்பட்டது. மாட்டிய பின் புள்ளிகள் நேர்கோட்டிலேயே நின்றன. வேலைக்கு நடுவில் ஒரு முறைகூட விலகவில்லை. பிடிக்குள் வாடை இல்லை. மார்கழியில் கொண்டுவந்தபோது குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது.

இரண்டு குறைகள் தெரிந்தன.

முதலாவது துரு. வாலில் மற்ற இடங்களெல்லாம் சுத்தமாக இருக்க, பித்தளைத் தகட்டைத் தொடும் இடத்தில் மட்டும் பழுப்புக் கோடு ஒன்று வந்தது. உப்புநீர் நடுவில் இருக்கும்போது பித்தளையைத் தொடும் இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தினாலும் அந்த இடுக்கில் ஈரம் ஏறத்தான் செய்கிறது. உலர்த்திய பின் அந்த இடத்தில் தேன்மெழுகைத் தேய்க்கச் சொன்னோம். கோடு மேற்கொண்டு வளரவில்லை, ஆனால் மறையவும் இல்லை. கழற்ற முடிந்ததால்தான் அதை நாங்கள் பார்க்கவே முடிந்தது.

இரண்டாவது, பங்குனியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கத்தியைக் கழுவிய உதவியாள் குமிழைத் தட்டின் ஓரத்தில் வைத்திருக்கிறார். தட்டு குப்பையோடு போய்விட்டது. மறுநாள் காலை டிபனுக்குக் காய் நறுக்கியாக வேண்டும். சமையல்காரர் தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஓர் எம் 6 நட்டும் வாஷரும் வாங்கி, கடைக்காரரிடம் ஸ்பேனர் இரவல் பெற்று மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் கல்யாணம் அந்த நட்டோடு நடந்தது. புதிய குமிழை ஒரு மணி நேரத்தில் கடைந்து கொடுத்தேன், கூடவே இன்னொன்றையும்.

இந்தக் கத்தி எவ்வளவு செலவில் முடிந்தது என்று சிலர் கேட்டார்கள். பொருளுக்கு ஆனது பெரிதில்லை. நேரத்தை நோட்டில் கூட்டிப் பார்த்தால், முறிந்த அலகையும் சேர்த்து, 90 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. விலைக்கு விற்கும் வேலையாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

வாலின் உள்மூலை வளைவும், பிடி மாட்டும் முன் குழாய்ச் சோதனையும் எந்தக் கத்திக்கும் நிற்கும். இவற்றை இனி விவாதிக்கப் போவதில்லை.

தோய்ச்சலை வீட்டு உலையில் போட வேண்டியிருந்தால், காந்தத்தை அலகில் மட்டும் காட்டாமல் வாலிலும் காட்டுவோம்; வாலை நெருப்பின் ஓரத்தில் வைப்போம். அதோடு, அதே பட்டையில் ஒரு துண்டை முன்னதாகவே தோய்ச்சல் போட்டு முறித்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அலகைத் தொடுவோம். ஒரு துண்டு இரும்பும் அரை மணி நேரமும் செலவிட்டிருந்தால் ஒரு மாத வேலை மிஞ்சியிருக்கும்.

குழாயை முதலிலிருந்தே வைப்போம். தளர்ச்சி என்று வந்தால் காரணம் சொல்வதற்கு முன் அளந்து பார்ப்பேன். வெர்னியர் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

குமிழைத் தனியாக விழாதபடி மூடியோடு பிணைக்க ஃபிட்டர் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறார்: மூடியின் உட்புறத்தில் ஒரு பள்ளம், குமிழின் கழுத்தில் ஒரு வளையப்பூட்டு. குமிழ் மூடிக்குள் தனியாகச் சுழலும், கழலும்போது இரண்டும் சேர்ந்தே வரும்.

பித்தளைத் தகட்டுக்குப் பதில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு வைத்தால் அரிப்பு நிற்குமா என்று அவர் கேட்டார். அதுவும் பித்தளையைப் போல இரும்பைவிட அரிப்புக்கு எதிர்த்து நிற்கும் உலோகம்தான், அதைத் தொட்டாலும் அரிபடுவது இரும்புதான். ஆகவே பிரச்சினை முழுதாகத் தீராது என்றேன். வாலையும் சேர்த்து எஸ்.எஸ். அலகாகவே செய்வதுதான் நேரான வழி. அதற்கு வேறு இரும்பு, அதிகச் சூடு, வேறு தோய்ச்சல் வேண்டும். எங்கள் உலை அதற்குப் போதாது. இப்போதைக்கு, தகட்டின் துளைக்குள் மெழுகு தங்கும்படி ஒரு சிறிய வரிப்பள்ளம் வெட்டிப் பார்ப்பதாக முடிவு.

சமையல்காரர் தன் உதவியாளுக்காகச் சின்ன அளவில் இன்னொன்று கேட்டிருக்கிறார். அதன் கழுத்துத் தகடு மூன்று துளைகளோடு வைஸில் நிற்கிறது. சிம்னி விளக்குக்கு ஃபிட்டர் புதுத் திரி போட்டிருக்கிறார்.